உச்சி வெயிலில் கரண்ட் போகும் குப்பம்: எண்ணூர்க் கரையில் ஒரு சோலார்–பேட்டரி–ஜெனரேட்டர் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவக் குப்பங்களில் ஒன்றில் நடந்தது இது. ஊரின் பெயரையும் ஆட்களின் அடையாளத்தையும் விட்டுவிட்டேன். அமைப்பை நிறுவிய நிறுவனமும் பெயரில்லாமலே வரும். இதே கோளாறு வேறு பல நிறுவனங்களின் வேலையிலும் இருக்கிறது என்பதால் ஒன்றை மட்டும் சுட்டுவதில் பயனில்லை.

கரையில் நின்று வடக்கே பார்த்தால் வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அதன் முதல் இரண்டு நிலைகள் மட்டுமே 1,830 மெகாவாட். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் குப்பத்துக்குக் கரண்ட் சரியாக வருவதில்லை என்பதில் பலருக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் உயர் அழுத்தக் கம்பிகளில் வெளியே போய், துணை மின் நிலையங்களில் இறங்கி, சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறது. குப்பம் இருப்பது அந்த ஃபீடரின் (துணை மின் நிலையத்திலிருந்து வீடுகளுக்கு வரும் மின்தடத்தின்) கடைசியில். கோடையில் வழியிலுள்ள ஏ.சி.க்கள் எல்லாம் ஓடும்போது இந்த முனையில் வோல்ட்டேஜ் 190 வரை இறங்கும். மழைக்காலத்தில் இன்சுலேட்டரில் படிந்த உப்பு ஈரமாகி லைன் டிரிப் ஆகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது. ஆற்றில் எண்ணெய் வேறு மிதந்தது. மீன் பிடிக்கவும் வழியில்லை, பிடித்து வைத்திருந்ததைக் காக்கவும் வழியில்லை. அதற்குப் பிறகு ஒரு தொண்டு அமைப்பின் உதவியில் ஊர்ப் பொதுக் கட்டடத்தின் கூரையில் சோலார் வந்தது. மூன்று தேவைகளை வைத்துத் திட்டம் போட்டார்கள்: மீன் வைக்கும் குளிர் அறை, பெண்கள் சுய உதவிக் குழு நடத்தும் ஆர்.ஓ. தண்ணீர் பிளான்ட், கரை விளக்குகளும் புயல் நேரத்தில் செல்போன் சார்ஜ் போடும் இடமும்.

அமைப்பில் என்ன இருந்தது

கூரையில் 30 கிலோவாட் சோலார் பேனல், அதற்கு 10 கிலோவாட் இன்வெர்ட்டர் (பேனலின் டி.சி. மின்சாரத்தை வீட்டில் ஓடும் ஏ.சி. மின்சாரமாக மாற்றும் பெட்டி) மூன்று. தரையில் 40 கிலோவாட்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஒரு ஃபேஸுக்கு ஒன்றாக 8 கே.வி.ஏ. (கிலோவோல்ட்-ஆம்பியர், திறனின் அளவு) பேட்டரி இன்வெர்ட்டர் மூன்று, மொத்தம் 24 கே.வி.ஏ. பழைய டீசல் ஜெனரேட்டர் ஒன்று, 25 கே.வி.ஏ. குளிர் அறை கம்ப்ரசர் 5 ஹெச்.பி., ஆர்.ஓ. பிளான்ட்டின் உயரழுத்த பம்பு 3 ஹெச்.பி.

லைன் கரண்ட் (வெளியிலிருந்து ஃபீடரில் வருவது) ஒழுங்காக இருக்கும்வரை எல்லாம் அதோடு சேர்ந்து ஓடும். வோல்ட்டேஜ் 195-க்குக் கீழே இறங்கினாலோ லைன் போனாலோ பேட்டரி இன்வெர்ட்டர் லைனைக் கழற்றிவிட்டுத் தனி மின்தொகுப்பாக ஓட்டும். சோலார் இன்வெர்ட்டர்கள் பேட்டரி இன்வெர்ட்டருக்குப் பின்னால், லோடு பக்கத்தில், அதாவது மின்சாரத்தைச் செலவழிக்கும் கம்ப்ரசர், பம்பு, விளக்குகள் இருக்கும் பக்கத்தில், இணைக்கப்பட்டிருந்தன.

தனியாக ஓடும் இந்த நிலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாட்டின் பெரிய மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-ல் தென் மண்டலமும் இணைந்தபின் ஒரே அதிர்வெண்ணில் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற எண்ணிக்கை, ஹெர்ட்ஸில் சொல்வது) ஓடுகிறது. மொத்தமாக ஆயிரக்கணக்கான டன் எடையுள்ள டர்பைன்கள் எங்கெங்கோ ஒத்துச் சுழல்வதால் ஒரு கம்ப்ரசர் நிற்பதும் ஓடுவதும் அங்கே தெரியவே தெரியாது. அந்தத் தொகுப்பில் அதிர்வெண் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது விதி. குப்பத்துத் தொகுப்பில் சுழலும் எடை எதுவும் இல்லை. ஒரு கம்ப்ரசர் நின்றால் மொத்த லோடில் பாதிக்கு மேல் ஒரே நொடியில் காணாமல் போகும். லட்சத்தீவு போன்ற தீவுகளிலோ மலைக் கிராமங்களிலோ சிறு தொகுப்பு ஓட்டுகிறவர்களுக்கு இருக்கும் சிக்கல் அப்படியே இங்கும் இருக்கிறது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் அது குறைந்துவிடவில்லை.

முதல் கோடையில் கண்டது

நிறுவி ஓட்டிய முதல் சில மாதங்கள் குறையொன்றும் வரவில்லை. மழைக்காலத்தில் லைன் போனபோதெல்லாம் பேட்டரி தாங்கியது. சிக்கல் ஏப்ரலில்தான் ஆரம்பித்தது. பகல் 11 மணிக்கு மேல், வானத்தில் மேகமே இல்லாத நாள்களில், திடீரென்று எல்லாம் அணைந்துவிடும். சிறிது நேரத்தில் தானாக வரும், வந்த வேகத்திலேயே மறுபடி போகும்.

கோளாறைக் கண்டுபிடிக்க எங்களைக் கூப்பிட்டது ஊர்ப் பஞ்சாயத்தார். போய் இறங்கியதும் தண்ணீர் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கேட்டது இதுதான்: “இன்னா சார் இது, வெயிலு மண்டையப் பொளக்குது, இந்நேரத்துல போயி கரண்டு நிக்குது? நைட்டுல நல்லாத்தானே ஓடுது?”

கேள்வியில் பாதி விடை இருந்தது. பற்றாக்குறையால் அணைவதாக இருந்தால் விடியற்காலையில் பேட்டரி காலியாகித்தான் அணைய வேண்டும். இது மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அணைந்துகொண்டிருந்தது.

ஏன் ஏப்ரலில்? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. இந்தக் குப்பத்து ஆண்கள் பலர் காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்கள், அந்த இரண்டு மாதம் கரையில்தான். ஃபைபர் படகும் ஆற்று இறாலும் கொண்டுவருகிற கொஞ்சம் சரக்கு, விலை ஏறிக் கிடப்பதால், தரையைத் தொடுவதற்குள் விற்றுவிடும். குளிர் அறையில் வைக்க ஒன்றும் இருக்காது. ஆக, வருடத்தின் கடுமையான வெயிலும் குறைந்தபட்ச லோடும் ஒரே சமயத்தில் வருகின்றன. வடிவமைப்புக் கணக்கைப் பார்த்தோம். அதிக லோடுக்கு, மழைநாளுக்கு, மூன்று நாள் வெயில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. லோடே இல்லாத மே மாதத்து மதியத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

நிறுவனத்தின் ஆன்லைன் பதிவு ஐந்து நிமிடத்துக்கு ஒரு சராசரி காட்டுவது. அதில் எல்லாம் சமதளமாகத் தெரிந்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் “பேட்டரி போதவில்லை, இன்னொரு 40 கிலோவாட்-மணி சேர்க்கலாம்” என்று எழுதித் தந்திருந்தார்கள். நாங்கள் பவர் அனலைசரை மாட்டி நொடிக்கு நொடி பதிவு எடுத்தோம். அதோடு பேட்டரியின் உள் கண்காணிப்புப் பலகை வைத்திருந்த பதிவையும் இறக்கி, இரண்டையும் நேர வாரியாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

பதிவில் தெரிந்தது

ஒரு மதியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற நாள்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

லைன் வோல்ட்டேஜ் இறங்குகிறது, அமைப்பு தனியாகப் பிரிகிறது. சோலார் அப்போது 22 கிலோவாட் தருகிறது. லோடு 6 கிலோவாட். மீதி 16 கிலோவாட் பேட்டரிக்குள் போகிறது. பேட்டரி 90 சதவீதத்தைத் தாண்டியதும் “இனி மெதுவாக ஏற்று” என்று அதன் கண்காணிப்புப் பலகை வரம்பைக் குறைத்துக்கொண்டே வருகிறது. ஏற்கும் அளவு 16-லிருந்து 10, பிறகு 4 கிலோவாட். மிச்சத்துக்குப் போக்கிடம் இல்லை.

இந்த நிலைக்குப் பேட்டரி இன்வெர்ட்டரில் ஒரு வழி உண்டு. தொகுப்பின் அதிர்வெண்ணை 50-லிருந்து மெல்ல ஏற்றும். அதைப் பார்த்து சோலார் இன்வெர்ட்டர்கள் தங்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இவற்றுக்கிடையே தனியாகச் செய்திக் கம்பி தேவையில்லை, அதிர்வெண்தான் செய்தி. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளும்படி சோலார் இன்வெர்ட்டரை அமைத்திருக்க வேண்டும்.

இங்கே மூன்றிலும் இந்தியாவுக்கான வழக்கமான அமைவுதான் போடப்பட்டிருந்தது. மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறைப்படி, லைனோடு இணையும் சிறு உற்பத்தி நிலையம் அதிர்வெண் 50.5-ஐத் தாண்டினாலோ 47.5-க்குக் கீழே போனாலோ 0.2 நொடிக்குள் விலகிவிட வேண்டும். திரும்பச் சேர, லைன் குறைந்தது 60 நொடி சீராக இருக்க வேண்டும். பெரிய தொகுப்போடு இருக்கும்போது இது அவசியம். லைன் செத்துப்போனதாக நினைத்துக் கம்பத்தில் ஏறும் லைன்மேனின் உயிர் இதில் இருக்கிறது. தனித் தொகுப்பில் இதே அமைவு என்ன செய்தது என்றால், “கொஞ்சம் குறை” என்ற செய்திக்கு மூன்றும் ஒரே நொடியில் மொத்தமாக விலகிவிட்டன. 22 கிலோவாட் பூச்சியமானது. உள்ளே வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி அடுத்த கணமே வெளியே தர வேண்டியதாயிற்று. அதிர்வெண் 50-க்குத் திரும்பியது. ஒரு நிமிடம் கழித்து மூன்றும் சேர்ந்தாற்போல் திரும்ப வந்தன, மறுபடி மிகை, மறுபடி விலகல். அனலைசர் பதிவில் இது ரம்பப் பல் மாதிரி வரிசையாக விழுந்திருந்தது. ஐந்து நிமிடச் சராசரி இந்தப் பற்களை மழித்துவிடும், அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

பெரும்பாலான சுற்றுகளைப் பேட்டரி இன்வெர்ட்டர் சமாளித்தது. சோலார் திரும்ப ஏறிக்கொண்டிருக்கிற அந்தச் சில நொடிகளில் குளிர் அறை கம்ப்ரசரும் போதுமான குளிர் வந்துவிட்டதென்று நின்றால்தான் ஆபத்து. அப்போது மிகை மின்சாரம் முழுக்கப் பேட்டரி பக்கம் தள்ளப்பட, செல் வோல்ட்டேஜ் எல்லையைத் தாண்ட, கண்காணிப்புப் பலகை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கான்டாக்டர் என்ற சுவிட்சைத் திறந்து பேட்டரியைத் துண்டித்துவிடும். வோல்ட்டேஜைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆள் போனதும் எல்லாம் இருட்டு.

இரண்டாவது தடவை அணைந்ததற்குக் காரணம் வேறு. கரண்ட் திரும்பியதும் குளிர் அறையும் ஆர்.ஓ. பிளான்ட்டும் ஆட்டோவில் இருந்ததால் இரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது அதன் வழக்கமான கரண்டைப் போல ஆறு மடங்கு இழுக்கும். கம்ப்ரசருக்கு ஏறக்குறைய 32 கே.வி.ஏ., பம்புக்கு 21. பேட்டரி இன்வெர்ட்டர்கள் சில நொடிகளுக்கு இரட்டிப்பு, அதாவது 48 கே.வி.ஏ. தாங்கும். ஒன்று ஒன்றாக வந்தால் தாங்கிவிடும், இரண்டும் சேர்ந்தால் தாங்காது.

அப்புறம் யாராவது பொறுமையிழந்து ஜெனரேட்டரைப் போடுவார்கள். பழைய மெக்கானிக்கல் கவர்னர் (இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) உள்ள ஜெனரேட்டர் இது. முழு லோடில் 50 ஹெர்ட்ஸ், லோடு இல்லாவிட்டால் 52. குறைந்த லோடில் 51.5-க்கு மேலேயே ஓடியதால் சோலார் சேரவே இல்லை. உச்சி வெயிலில் டீசல் எரிய, மேலே 30 கிலோவாட் பேனல் சும்மா காய்ந்துகொண்டிருந்தது. முப்பது சதவீதத்துக்கும் குறைவான லோடில் நீண்ட நேரம் ஓட்டினால் டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாயில் கறுப்பு எண்ணெயாகக் கசியும். அந்தக் கறையும் இருந்தது.

தேடாமல் கிடைத்தது ஒன்றும் உண்டு. குளிர் அறைக் கதவைத் தொட்டால் “சுர்ருங்குது” என்று இரண்டு பேர் சொன்னார்கள், அதைப் பெரிய விஷயமாக அவர்கள் நினைக்கவில்லை. தனியாக ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் அளந்தால் 60 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. அமைப்பை லைனிலிருந்து பிரிக்கும் நான்கு முனை சேஞ்ச்ஓவர் சுவிட்ச், லைனின் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டித்துவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பேட்டரி இன்வெர்ட்டர் பக்கம் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ரிலே இயக்கப்படவே இல்லை. மீன் தண்ணீர் ஓடும் தரை, வெறுங்கால். உண்மையான கசிவு வந்திருந்தால் பாதுகாப்பு பிரேக்கர் விழுவதற்கு வேண்டிய பாதை அங்கே இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் அந்த ரிலேயை இயக்கினோம். வேறு எதைப் பற்றியும் பேசுவதற்கு முன்பே இது முடிந்தது. லைன் இருக்கும்போது திறந்திருக்கும், பிரிந்ததும் மூடும். எர்த் குழியும் புதிதாகப் போட்டோம். கடற்கரை மணலில் சில அடி ஆழத்தில் உப்பு ஈரம் இருப்பதால் எர்த் நன்றாகவே கிடைக்கும், ஆனால் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும். செம்பு பூசிய கம்பியாக வைத்து, வருடாவருடம் மழைக்கு முன் அளக்கச் சொன்னோம்.

பேட்டரியை இரட்டிப்பாக்கும் யோசனையை ஏற்கவில்லை. 40 கிலோவாட்-மணி பதினொன்றரைக்கு நிறைகிறது என்றால் 80 கிலோவாட்-மணி கொஞ்ச நேரம் தாழ்த்தி நிறையும். முந்தைய நாள் செலவாகாத மின்சாரம் உள்ளேயே இருப்பதால், தடைக்காலத்தில் மூன்றாவது நாள் எந்தப் பேட்டரியும் காலையிலேயே நிறைந்துதான் நிற்கும். பெரிய செலவு செய்து கோளாறை மதியத்துக்குத் தள்ளிவைப்பதில் பொருளில்லை. மிகை மின்சாரத்தை ஹீட்டரில் எரித்துத் தீர்க்கும் யோசனையும் வந்தது. அந்த உப்புக் காற்றில் பராமரிக்க இன்னொரு சாமான் வேண்டாம் என்று விட்டோம்.

சோலார் இன்வெர்ட்டர்களுக்கு இரண்டு அமைவு வைத்தோம். லைனோடு இருக்கும்போது விதிமுறைப்படி அதே 50.5. தனியாக இருக்கும்போது 50.3-லிருந்து உற்பத்தியைப் படிப்படியாகக் குறைத்து 51.5-ல் பூச்சியத்துக்கு வரும், 52-ல்தான் விலகும். எந்த அமைவு என்பதைச் சேஞ்ச்ஓவர் கான்டாக்டரின் துணை முனை (அது லைனோடு இருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று காட்டும் சிறு சுவிட்ச்) சொல்லும். அந்தக் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் யோசித்து, அறுந்தால் லைன் அமைவுக்கே திரும்பும்படி வைத்தோம். மதியம் கரண்ட் போனாலும் பரவாயில்லை, லைன்மேனுக்கு ஆபத்து கூடாது.

அடுத்த முடிவில்தான் வாக்குவாதம் வந்தது. சோலார் 30 கிலோவாட், அதைத் தாங்க வேண்டிய பேட்டரி இன்வெர்ட்டர் 24 கே.வி.ஏ. லோடு பக்கம் இணைக்கும் சோலார், பேட்டரி இன்வெர்ட்டரின் திறனை மீறக் கூடாது என்று சில தயாரிப்பாளர்களின் கையேட்டிலேயே இருக்கிறது. திடீரென்று லோடு முழுக்கப் போனால் அதிர்வெண் ஏறி சோலார் குறைவதற்குச் சிறிது நேரம் ஆகும். அதுவரை வருவதையெல்லாம் பேட்டரி இன்வெர்ட்டர்தான் விழுங்கியாக வேண்டும். எனவே ஒரு 10 கிலோவாட் இன்வெர்ட்டரை லைன் பக்கம் மாற்றச் சொன்னோம். லைன் இருந்தால் அது உற்பத்தி செய்யும், இல்லாவிட்டால் சும்மா இருக்கும். கேபிள் செலவு மட்டும்தான்.

பஞ்சாயத்தில் ஒரு பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. “ஏம்பா, காசு போட்டு வாங்குன பிளேட்டு, கரண்டு இல்லாத நேரத்துலதான வேணும்? அப்பப் போயி தூங்க வெச்சா எதுக்கு அது?” நியாயமான கேள்வி. பதிவைக் காட்டி, மிஞ்சுகிற நேரத்தில்தான் அணைகிறது என்று விளக்கினோம். யார் வோல்ட்டேஜைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், யார் அவர் சொன்னபடி ஏறி இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தபோது அவரே குறுக்கிட்டார்: “அப்ப சுக்கான் அந்த பேட்டரிப் பொட்டி கையில. மூணு பேரு சேந்து அவனவன் இஷ்டத்துக்குத் துடுப்பு போட்டா படகு கவுரத்தான் செய்யும்.” அதற்கு மேல் நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பாமலிருக்க, கம்ப்ரசருக்கு ஒரு நிமிடமும் பம்புக்கு நான்கு நிமிடமும் தாமதமாக டைமர் வைத்தோம். கம்ப்ரசருக்கு, மோட்டாரை மெல்லக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டரும் போட்டோம். டைமர் சில நூறு ரூபாய் சாமான். மொத்த வேலையில் போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜெனரேட்டர் விஷயத்தில் கவர்னரைத் தொடவில்லை. ஜெனரேட்டர் ஓடும்போது சோலார் விலகியிருப்பது ஒரு வகையில் நல்லது. குறைந்த லோடில் சோலார் உள்ளே வந்தால் ஜெனரேட்டர்மீதே மின்சாரம் திரும்பிப் பாயலாம். புயல் நாள்களுக்கென்று இருக்கிற இயந்திரம் அது. மாற்றியது அதன் தொடக்க, நிறுத்த எல்லைகளை. முன்பு 40 சதவீதத்தில் கிளம்பி 95 வரை பேட்டரியை ஏற்றியது. விடியற்காலையில் டீசலால் நிரப்பிவிட்டுப் பகலில் வெயிலுக்கு இடமில்லாமல் செய்தது. இப்போது 25-ல் கிளம்பி 70-ல் நிற்கிறது. ஓடும்போது பேட்டரிக்கு நல்ல வேகத்தில் ஏற்றுவதால் ஜெனரேட்டருக்கும் போதிய லோடு கிடைக்கிறது.

கடைசியாகத் தண்ணீர் பிளான்ட். அது காலை 6 மணிக்கு ஓடிக்கொண்டிருந்தது. மதியம் ஓட்டினால் மிஞ்சுகிற மின்சாரம் தண்ணீராகும். சொல்லச் சுலபம். வேலைக்குப் போகிறவர்கள் காலையில்தான் கேன் வாங்க வருவார்கள், அவர்களுக்கு நேற்றுப் பிடித்த தண்ணீரைத் தர முடியாது என்றார் குழுத் தலைவி. மூடிய ஸ்டீல் டேங்க்கில் சேர்த்து, கேன் நிரப்பும் குழாயில் ஒரு புற ஊதா விளக்கு வைத்தால் ஒத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. “நேத்து தண்ணின்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது, நாங்களும் சொல்ல மாட்டோம்” என்று ஓர் உடன்பாடும் ஆயிற்று. பேட்டரி 85 சதவீதத்தைத் தாண்டினால் பிளான்ட்டுக்குத் தானாக அனுமதி கிடைக்கும்படி ரிலே போட்டோம். கையால் போடும் சுவிட்சும் வைத்தோம். ஆண்டவன் மழையைக் கொட்டினால் அதைப் போட்டுக் காலையில் ஓட்டிக்கொள்ளலாம்.

ஒப்படைப்புச் சோதனை

முதல் முறை ஒப்படைத்தபோது லைனைக் கழற்றி, விளக்கு எரிகிறதா என்று பார்த்ததோடு சரி. இம்முறை மோசமான மதியத்தை வேண்டுமென்றே உண்டாக்கினோம். பேட்டரியை 97 சதவீதத்துக்கு ஏற்றி, நல்ல வெயிலில் லைனைக் கழற்றி, கம்ப்ரசர் ஓடும்போது அதன் பிரேக்கரைச் சட்டென்று இறக்கினோம். அதிர்வெண் 51.2 வரை ஏறி, சோலார் இறங்கி, நின்றது. விளக்குகள் சிமிட்டக்கூட இல்லை. பிறகு எல்லாவற்றையும் அணைத்து இருட்டிலிருந்து கிளப்பிப் பார்த்தோம். துணை முனைக் கம்பியைக் கழற்றிவிட்டும் பார்த்தோம். பழைய அமைவுக்குத் திரும்பியது, ரம்பப் பல்லும் திரும்பியது. எதிர்பார்த்ததுதான்.

பிறகு நடந்தது

அந்தத் தடைக்காலத்தின் மிச்ச நாள்களும் அடுத்த ஆண்டுத் தடைக்காலமும் மதிய அணைப்பு இல்லாமல் போயின. ஒரு தடவையைத் தவிர.

அந்த ஒரு தடவை: சோலார் இன்வெர்ட்டர் ஒன்று உப்பரிப்பில் பழுதாகி, வாரண்ட்டியில் புதியது வந்தது. மாட்டியவர் கம்பிகளைச் சரியாக இணைத்து, எரிகிறதா பார்த்து, கிளம்பிவிட்டார். பெட்டியிலிருந்து எடுத்த இன்வெர்ட்டரில் இருந்தது வழக்கமான அமைவு. வெயில் ஏறியதும் அது மட்டும் 50.5-ல் துள்ளி விலகவும் திரும்பவுமாக இருந்தது. மற்றொன்று சீராக இறங்கியதால் அமைப்பு பெரும்பாலும் தாங்கியது, ஒரு மதியம் தாங்கவில்லை. அதன்பின் அமைவு எண்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, போர்டின் கதவுக்கு உட்புறம் ஒட்டினோம். இன்வெர்ட்டரின் கடவுச்சொல் முன்பு நிறுவனத்திடம் மட்டும் இருந்தது. இப்போது பஞ்சாயத்து நோட்டிலும் இருக்கிறது.

யாரும் எதிர்பார்க்காத ஒரு விளைவு கரை விளக்குகளில் வந்தது. மாலையில் அவை கொஞ்சம் கொஞ்சமாக முன்கூட்டியே எரியத் தொடங்கின. டைமர் பழுது என்று மாற்றினார்கள், புதியதும் அப்படியே. அந்த வகை டைமர், மின்சாரத்தின் அதிர்வெண்ணை எண்ணித்தான் நேரம் பார்க்கிறது. பகலில் சில மணி நேரம் 51 ஹெர்ட்ஸில் ஓடினால் அது நாளுக்கு மூன்று நான்கு நிமிடம் முந்திவிடும், வாரத்தில் அரை மணி நேரத்தை நெருங்கும். வெளிச்சத்தைப் பார்த்து எரியும் சுவிட்ச் போட்டதும் தீர்ந்தது. மோட்டார்களுக்கு இந்த அளவு மாற்றத்தால் பாதிப்பு எதுவும் தெரியவில்லை.

உற்பத்தியில் இழப்பு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. தனியாக ஓடும் மதியங்களில் ஒரு இன்வெர்ட்டர் தூங்குகிறது, மற்ற இரண்டும் பாதி திறனில் நிற்கின்றன. விற்பனைப் பிரசுரத்தில் போட்டிருந்த ஆண்டு உற்பத்தி எண்ணை இந்த அமைப்பு எட்டாது. ஊர் அதை ஏற்றுக்கொண்டது, அவர்களுக்கு வேண்டியது குளிர் அறை அணையாமல் இருப்பது. பேனல்மேல் படியும் சாம்பல் தூசியையும் உப்பையும் கழுவினால் இதைவிட அதிகம் மீளும் என்பது என் கணிப்பு. ஆர்.ஓ. பிளான்ட்டின் கழிவுநீரை அதற்குப் பயன்படுத்தலாம் என்று யாரோ தொடங்கி வைக்க, உப்பு நீரில் பேனல் கழுவக் கூடாது என்று தடுக்க வேண்டியிருந்தது.

வடகிழக்குப் பருவமழையில் ஒரு பேனல் வரிசையின் இணைப்பியில் தண்ணீர் புகுந்து கசிவு காட்டியது. அது தனிக் கோளாறு. எர்த் பாதை சரியாக இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

இதே போன்ற இன்னொரு குப்பத்துக்குக் கணக்குப் போடும்போது முதல் கேள்வியாக “உங்களுக்கு எந்த மாதம் வேலை இருக்காது?” என்று கேட்போம். மீனவ ஊரில் தடைக்காலம், செங்கல் சூளையில் மழைக்காலம், பள்ளிக்கூடத்தில் மே மாதம். அந்த மாதத்து மதியத்துக்குச் சமநிலை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பேனல் அளவு.

சோலாரில் ஒரு பகுதியை நேரடியாகப் பேட்டரியின் டி.சி. பக்கம் சார்ஜ் கன்ட்ரோலர் வழியாகக் கொடுப்போம். பேட்டரி நிறைந்தால் கன்ட்ரோலர் தானே நிறுத்திக்கொள்ளும், அதிர்வெண் விளையாட்டு தேவையில்லை. இருட்டிலிருந்து கிளப்பவும் அது உதவும். இங்கே அப்படிச் செய்யாததற்குக் காரணம் ஏற்கெனவே வாங்கியிருந்த மூன்று இன்வெர்ட்டர்கள்.

ஒப்பந்தத்திலேயே இரண்டு வரி சேர்ப்போம்: நிறைந்த பேட்டரியோடு லோடைத் திடீரென்று இறக்கும் சோதனை நடத்திக் காட்ட வேண்டும், நொடிப் பதிவு ஊரிடம் இருக்க வேண்டும். ஒரு சிறு பதிவுப் பெட்டியை நிரந்தரமாக வைக்கும் செலவு, இன்னொரு பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால் பேச்சுக்கே வராது.

குளிர் அறைக் கம்ப்ரசரை வேகம் மாற்றும் டிரைவில் ஓட்டலாமா என்பது இப்போது பேச்சில் இருக்கிறது. சட்டென்று நிற்காமல் மெல்ல இறங்கும், தொகுப்புக்கு நல்லது. இப்போதுள்ள கம்ப்ரசர் குறைந்த வேகத்தில் எண்ணெய் சரியாக ஏற்றுமா என்று குளிர்பதன மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை சாஃப்ட் ஸ்டார்ட்டரே ஓடும்.